ஆறு கோடுகளும் பசையக்காவும்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. அறைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் எக்ஸ்ரேயில் நான், அந்தப் பக்கம் ஈ.சி.ஜி.யில் பசையக்கா. பதினாறு வருஷமாக அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் என் நோயாளியிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சத்தம் போட்டால், அந்தப் பக்கம் படுத்திருப்பவரும் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். "உன் ஆளு மூச்ச விட்டாச்சா? என் ஆளு இன்னும் விடல, சொல்லித் தொலைப்பா" என்று தடுப்பைத் தட்டுவார் அக்கா.

பழைய ஈ.சி.ஜி. மெஷின் இதயத் துடிப்பை ஒரு நேரத்தில் ஒரு கோடாகத்தான் போடும். குமிழைத் திருப்பத் திருப்ப, ரிப்பன் மாதிரி ஒரு காகிதம் நீளமாக வந்துகொண்டே இருக்கும். அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, கட்டம் போட்ட அட்டையில், ஒவ்வொன்றையும் அதற்குரிய கட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்றால் முந்நூற்றறுபது துண்டு. அக்கா கையில் எப்போதும் பசை இருக்கும். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தால் பேனாவும் கூடவே எழுந்து வரும். அப்படி வந்த பெயர். அவருடைய நாத்தனாரே போன் செய்து "பசையக்கா இருக்காங்களா" என்றுதான் கேட்பார்.

அக்காவின் படிப்பு பள்ளி இறுதி, அதற்கு மேல் ஒரு வருஷப் பயிற்சி. ஆனால் அவருக்கு 'ஏன்' என்ற வார்த்தை நாக்கிலேயே குடியிருக்கும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை உலகத்தில் யாராவது முழுசாகப் படித்திருந்தால் அது இவர்தான். ஒரு தடவை, வார்டில் கடிகாரத்தை ஏன் நோயாளிகளின் தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள் என்று பெரிய டாக்டரிடமே கேட்டுவிட்டார். எங்கள் பெரிய டாக்டர் ஒரு அம்மா. சட்டென்று சிரிக்கமாட்டார். கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மறுநாள் அதை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

புது மெஷின் வந்து மூன்று மாதம் இருக்கும். பன்னிரண்டு கோடுகளும் ஒரே தாளில், ஒரே மூச்சில் வந்துவிடும். கத்தரிக்கும் பசைக்கும் வேலை போய்விட்டது. ஒருநாள் காலை கரண்ட் போய்ப் போய் வந்ததில் மெஷினுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தேதி எங்கேயோ பின்னால் போயிருந்தது. அக்கா தேதியைச் சரி செய்துவிட்டு, முதல் ஆளாக ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்கு எடுத்து அனுப்பினார். ஐந்தே நிமிஷத்தில் அவர் திரும்பி வந்தார்.

"திரும்ப எடுக்கச் சொன்னாரும்மா டாக்டர். கை ஒயரு மாறிப்போச்சாம்."

டூட்டி டாக்டருக்கு இருபத்தெட்டு வயசு. நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரர். அக்கா ஒயரை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வலது கையில் வலது, இடது கையில் இடது. மறுபடி எடுத்து அனுப்பினார். தபால்காரர் மறுபடியும் வந்தார்.

"இப்பவும் மாறித்தான் இருக்காம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா. உங்களுக்கு எந்தக் கை வேணுமோ அந்தக் கைய நீட்டுறேன்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒயரை மாற்றி மாட்டியதாக யாரும் சொன்னதில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக டூட்டி டாக்டரின் மேஜைக்குப் போனார். சண்டை வந்தால் பிடித்து இழுக்க ஆள் வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன்.

"பாருங்கக்கா," என்றார் டாக்டர். "ஏ.வி.ஆர்.னு ஒரு கோடு இருக்குல்ல. அது எப்பவும் தலைகீழாத்தான் வரும். இதுல நேரா நிக்குது. கை ஒயர் மாறினாதான் இப்படி வரும்."

அக்கா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "அது பேருக்கு முன்னாடி ஒரு சின்னக் கோடு போட்டிருக்கே, கழித்தல் குறி மாதிரி. அது என்ன டாக்டர்?"

டாக்டர் பார்த்தார். அப்புறம் தாள் முழுவதையும் பார்த்தார். "அட, வரிசையே மாறியிருக்கே!"

கை கால் ஒயர்களிலிருந்து வருபவை ஆறு கோடுகள்; ஒரே இதயத்தை ஆறு பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி. எப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஏ.வி.ஆர்., ஏ.வி.எல்., ஏ.வி.எஃப். என்றுதான் இருக்கும். பழைய அட்டையின் கட்டங்களும் அந்த வரிசைதான். இன்றைக்கு ஏ.வி.எல். முதலில் நின்றது. அதன் கீழே ஒன்று என்ற கோடு, பிறகு தலைகீழாகத் திருப்பிப்போட்ட ஏ.வி.ஆர்., பிறகு இரண்டு, ஏ.வி.எஃப்., கடைசியில் மூன்று. தபால்காரரின் இதயம் பாவம், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் கம்பெனிக்கு அக்கா போன் போட்டார். மெக்கானிக் எதிர்முனையில் சிரித்தார். "அது இன்னொரு மாடலும்மா. சில ஊர்ல அப்படித்தான் வச்சிருக்காங்க. செட்டிங்ல போய் பழைய வரிசைய அமுக்குங்க, சரியாயிடும்."

அக்கா செட்டிங்கைத் திறந்தார். விரலையும் கொண்டுபோனார். ஆனால் அமுக்கவில்லை. தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா எக்ஸ்ரே, இத மேலேர்ந்து கீழ பாரு. ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு மெதுவ்வா மாறுதுல்ல? ஒரே ஆளு கொஞ்சம் கொஞ்சமா திரும்பி நிக்கிற மாதிரி?"

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. மேலே குட்டையாகத் தொடங்கிய முனை படிப்படியாக உயர்ந்து, மறுபடி தாழ்ந்தது. பழைய வரிசையில் குட்டை, நெட்டை, குட்டை, தலைகீழ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும்.

"இருபத்திரண்டு வருஷமா நானே வெட்டி நானே ஒட்டியிருக்கேன்," என்றார் அக்கா. "துண்டு என் கையிலதான் இருந்துச்சு. மாத்தி அடுக்கிப் பாக்கணும்னு ஒரு நாளாவது தோணிச்சா பாரு!"

அன்று வீட்டுக்குப் போய் இதையே பேசியிருக்கிறார். வீட்டில் மூன்றே பேர். அக்கா, டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அவருடைய கணவர், டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்ற நாத்தனார். கணவருக்கு ஈ.சி.ஜி. பற்றி ஒன்றும் தெரியாது. அக்கா தாளை விரித்துக் காட்டியதும், "இதுல என்ன ஆச்சரியம்?" என்று கேட்டாராம். "ஸ்டாப்பு பேரையெல்லாம் வரிசையா எழுதினா பஸ் எங்க நின்னுச்சுன்னு ஒரு பார்வையில சொல்லிடுவேன். அதையே பஸ் ஸ்டாப்பு எந்த வருஷம் கட்டினாங்களோ அந்த வரிசையில எழுதிக் குடுத்தா, எந்தப் பக்கம் ரோடு அடைச்சிருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆகும்."

மறுநாள் அக்கா வந்த வேகமே வேறு. மெஷினின் நினைவில் கடைசி நூறு பேருடைய கோடுகள் இருந்தன. எதை வேண்டுமானாலும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் மறுபடி அச்செடுக்கலாம். இதயத்தில் கோளாறு என்று உறுதியான பத்துப் பேர், நன்றாக இருக்கும் பத்துப் பேர் என்று இருபது பேரை எடுத்தார். பழைய வரிசையில் ஒரு கட்டு, புது வரிசையில் ஒரு கட்டு. பெயர்களை மறைக்கக் காகிதப் பட்டை ஒட்டினார். நெடுநாள் கழித்துப் பசை டப்பாவைத் திறந்ததில் அவருக்குத் தனிச் சந்தோஷம்.

டீ நேரத்தில் கடை விரித்தோம். கையில் கடிகாரத்தோடு நான். ஒரு தாளுக்குப் பத்து விநாடி. "கோளாறா, இல்லையா? கோளாறுன்னா எந்தப் பக்கம்?" முதல் நாள் பழைய கட்டு, மறுநாள் புதுக் கட்டு. நர்ஸுகள் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். டூட்டி டாக்டர் முதலில் கிண்டல் செய்துவிட்டு அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எலும்பு டாக்டரும் வந்தார். இரண்டு கட்டுகளையும் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் புரியல," என்று எழுந்து போய்விட்டார்.

நர்ஸுகள் பழைய வரிசையில் இருபதுக்குச் சராசரியாகப் பதினொன்று சரியாகச் சொன்னார்கள். புது வரிசையில் பதினாலு. டூட்டி டாக்டர் இரண்டிலும் பதினேழு, ஆனால் புதியதில் திணறித் திணறிச் சொன்னார். அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் போய்ச் சொன்னபோது நாத்தனார் ஒரே போடாகப் போட்டார்.

"முதல் நாள் பழசு, ரெண்டாவது நாள் புதுசு. அதே இருபது பேரு. ரெண்டாந்தடவ பாத்தா யாரா இருந்தாலும் கூடத்தானே சொல்லுவாங்க? நீ வரிசையச் சோதிச்சியா, அவங்க ஞாபகத்தச் சோதிச்சியா?"

அன்று நாத்தனாரும் அக்காவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லையாம். ஆனால் மறுநாள் என்னிடம் வந்து, "அவங்க சொன்னது சரிதாம்ப்பா, அதான் எரிச்சலா இருக்கு," என்றார் அக்கா. வேறு இருபது பேரை எடுத்து, பாதிப் பேருக்குப் பழையதை முதலில், பாதிப் பேருக்குப் புதியதை முதலில் என்று மறுபடி நடத்தினோம். இந்தத் தடவை பன்னிரண்டும் பதின்மூன்றரையும் வந்தது. வித்தியாசம் சுருங்கியது. போய்விடவில்லை.

இதற்கு நடுவே ஒரு வினை. அக்கா பழைய தாள்களைப் புது வரிசையில் புரட்டியபோது ஒன்று கண்ணை உறுத்தியது. லாரியில் மூட்டை ஏற்றும் ஆள், முப்பத்திரண்டு வயசு, வேலைக்கான உடல் தகுதிக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு துடிப்பின் உயரமான முனைக்குப் பின்னால் கோடு கொஞ்ச தூரம் சமமாக ஓட வேண்டும். இவருக்கு அந்த இடம் மேலேறி நின்றது. அக்கா டூட்டி டாக்டரிடம் காட்ட, அவர் பயந்துபோய் போன் போடச் சொன்னார். அந்த மனிதர் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்குச் சொந்தக்காரர்களோடு வந்து சேர்ந்தார். அம்மா அழுகிறாள், மாமனார் அழுகிறார், மச்சான் யாரையோ போனில் திட்டுகிறான்.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். எல்லாச் சோதனையும் செய்தார். "இவருக்கு இது பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான் இருக்கும். சில திடகாத்திரமான ஆளுங்களுக்கு எல்லாக் கோட்டுலயும் கொஞ்சம் ஏறி நிக்கும். ஒண்ணுமில்ல, போங்க."

கூட்டம் கலைந்ததும் ஈ.சி.ஜி. அறைக் கதவைச் சாத்திவிட்டு அக்காவிடம் பேசினார். எனக்குப் பலகைத் தடுப்பில் காது வைக்கவே தேவைப்படவில்லை.

"ஆராய்ச்சி பண்ணுங்கம்மா, நான் வேண்டாங்கல. ஆனா ஒரு மேஜையில ஒரு வரிசை, இன்னொரு மேஜையில இன்னொரு வரிசைன்னு இருந்தா யாராவது அவசரத்துல தப்பாப் படிப்பாங்க. ஒயர் மாறிப்போச்சுன்னு தபால்காரர அலைய விட்டீங்கல்ல? இன்னைக்கே பழையபடி மாத்திடுங்க."

"சரி மேடம்," என்றார் அக்கா. அதோடு நிற்காமல், "மேடம், எல்லாக் கோட்டுலயும் ஏறினா பரவால்லைன்னீங்க. அப்ப எப்படி இருந்தா பரவால்ல இல்ல?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் பெருமூச்சு விட்டார். "ஒரு பக்கம் ஏறி, அதுக்கு எதிர்ப் பக்கம் இறங்கினா. அப்ப விடக்கூடாது."

மெஷின் பழைய வரிசைக்குப் போனது. அக்கா இரண்டு நாள் தடுப்பைத் தட்டவே இல்லை. என் ஆளும் அவர் ஆளும் தனித்தனியாக மூச்சுவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பத்து மணி இருக்கும். தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வந்தார், ஐம்பத்தொரு வயசு. மேல் வயிற்றில் எரிச்சல், இடது முழங்கையில் ஒரு குடைச்சல். காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வந்த வாயு என்று அவரே முடிவு கட்டியிருந்தார். "சீக்கிரம் பாத்து அனுப்புங்க. நாப்பது யூனிபார்ம் இன்னைக்குக் குடுத்தாகணும்," என்று அவசரப்படுத்தினார்.

அக்கா எடுத்தார், தாளைக் கிழித்தார். பார்த்தால் சாதாரணம். ஆனால் படுக்கையில் அந்த அம்மா நெற்றியை இரண்டு தடவை துடைத்தார். மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா செட்டிங்கைத் திறந்து, அதே கோடுகளைப் புது வரிசையில் இன்னொரு தாளாக அச்செடுத்தார். உடனே மெஷினைப் பழையபடி மாற்றியும் வைத்தார். பிறகு நடக்கவில்லை, ஓடினார். நான் அப்போது நடைபாதையில் இருந்தேன்.

டூட்டி டாக்டர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பெருசா இல்லக்கா. மூணாவது கோட்டுல லேசா ஏதோ இருக்கு, அது நிறையப் பேருக்கு இருக்கும். அசிடிட்டிதான்," என்று மாத்திரைச் சீட்டை எடுத்தார்.

அக்கா இரண்டாவது தாளை அந்தச் சீட்டின் மேலேயே வைத்தார். "டாக்டர், நான் ஒண்ணும் சொல்லல. இத மட்டும் மேலேர்ந்து கீழ பாருங்க."

டாக்டரின் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. ஏ.வி.எல்.லில் அந்தச் சமமான இடம் மயிரிழை இறங்கியிருந்தது. ஒன்றாம் கோட்டில் அதைவிடக் குறைவாக. நடுவில் சமம். இரண்டில் இம்மி ஏற்றம், ஏ.வி.எஃப்.பில் இன்னும் கொஞ்சம், மூன்றில் அதையும்விட. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதாக இல்லை. ஆறும் சேர்ந்து ஒரு சரிவு மாதிரி நின்றன. விரல் மூன்றில் நின்றது. மறுபடி ஏ.வி.எல்.லுக்குப் போனது. பழைய தாளை இழுத்து அதிலும் தேடினார். அங்கேயும் எல்லாம் இருந்தது. ஆனால் பழைய வரிசை மும்மூன்று கோடாக இரண்டு பத்தி; ஏற்றம் முதல் பத்தியின் அடியில், இறக்கம் அடுத்த பத்தியின் நடுவில்.

"அவங்க கிளம்பிட்டாங்களா?" என்று எழுந்தேவிட்டார்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவை அக்காவும் நானும் மடக்கினோம். "யூனிபார்ம்..." என்று ஆரம்பித்தார். "நாப்பது பிள்ளைங்களும் பழசையே போட்டுக்கிட்டுப் போகட்டும். நீங்க வந்து படுங்க," என்றார் அக்கா. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தார்கள். இரண்டாவது தாளிலேயே ஏற்றம் யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. இதயத்தின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டரே வந்து மருந்து கொடுத்து, ஆம்புலன்ஸில் கூடவே ஏறி, அடைப்பெடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆறு நாளில் வீடு திரும்பினார். யூனிபார்மை அவருடைய தங்கை தைத்துக் கொடுத்தாளாம். காலர் சரியில்லை என்று அந்த அம்மாவுக்கு இன்னும் மனத்தாங்கல்.

டூட்டி டாக்டர் அன்று மாலை ஈ.சி.ஜி. அறைக்கு வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாத்திர எழுதி அனுப்பப் பாத்தேன்க்கா," என்றார்.

"நானும் முதல் தாளப் பாத்தேன் டாக்டர். எனக்கும் ஒண்ணும் தெரியல," என்றார் அக்கா. "அந்தம்மா வேர்வையத் துடைக்கலன்னா ரெண்டாவது தாள் போட்டிருக்கவே மாட்டேன். அதையும் எழுதி வச்சுக்கங்க."

பெரிய டாக்டர் பாராட்டு விழா எல்லாம் நடத்துகிற ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, டீ நேரத்து விளையாட்டை ஒழுங்காகச் செய்யச் சொன்னார். அறுபது தாள், பதினெட்டுப் பேர், யாருக்கு எது முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு. நாத்தனாரின் யோசனையை அக்கா சொன்னபோது, "அவங்களையும் வரச் சொல்லுங்க, கணக்கு பாக்க ஆள் வேணும்," என்றார். டெலிபோன் ஆபீஸ் அம்மா இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, எங்களை எல்லாம் விரட்டி விரட்டி வேலை வாங்கினார்.

முடிவு பெரிய வெடியாக ஒன்றும் வெடிக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் புது வரிசை கொஞ்சம் உதவியது. அடிப்பக்க அடைப்பை எல்லோருமே கொஞ்சம் அதிகமாகப் பிடித்தார்கள். வருஷக்கணக்காகப் பழகியவர்களுக்கு வேகம் குறைந்தது. நெஞ்சில் ஒட்டும் ஆறு ஒயர்களின் கோடுகள் இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் அங்கே லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இவ்வளவுதான். அக்கா முகம் சுண்டிவிடுமோ என்று நான் பயந்தேன். அவரோ எண்களைப் பார்த்து, "வேகம் குறையுதுன்னா பழக்கம் இல்லாததாலயா, இல்ல இந்த வரிசையே கஷ்டமா? அத எப்படிப் பிரிக்கிறது?" என்று நாத்தனாரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் ஒரு முடிவு செய்தார். முதல் தாள் எல்லோருக்கும் பழைய வரிசைதான். நெஞ்சுவலி, மேல் வயிற்று எரிச்சல், கை குடைச்சல் என்று வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டாவது தாள், புது வரிசையில். குழப்பம் வராமலிருக்க அதன் தலையில் சிவப்பு முத்திரை. முத்திரையை அக்காவேதான் குத்துவார்.

அன்று கிளம்பும்போது அக்கா கதவருகே நின்றுகொண்டு கேட்டார். "மேடம், யாரு முதல்ல அந்தப் பழைய வரிசையப் போட்டாங்க? அதுக்கு ஏதாவது காரணம் இருக்கணுமே?"

"காரணம்னு பெருசா ஒண்ணுமில்லம்மா. முதல்ல மூணு கோடுதான் கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. நெஞ்சுக் கோடெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சு வந்துச்சு. இந்த ஏ.வி. மூணும் அதுக்கும் அப்புறம். வந்தது வந்தபடி பின்னாடி சேத்துக்கிட்டாங்க. அப்படியே பழகிப்போச்சு."

"எங்க வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே இருக்கே!" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப அந்த ஏ.வி.ஆர். மட்டும் ஏன் மேடம் தலைகீழா? திருப்பிப் போட ஒரு நிமிஷம் ஆகுமா?"

பெரிய டாக்டர் கைப்பையை மேஜைமேல் திரும்ப வைத்தார். "தெரியலையேம்மா," என்றார். "முப்பது வருஷமாப் பாக்குறேன், கேட்டதில்ல." அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தார். அக்கா கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன்.